கமெராவுக்குள் ரயில் எப்போதும் தூரத்தில்தான் நிற்கும்

கொழும்பு வெள்ளவத்தையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், வருமானம் முக்கால்வாசியும் கலியாண வேலைதான். இப்போது பிரீ சூட்டுக்கு, அதாவது கலியாணத்துக்கு முன் எடுக்கிற படங்களுக்கு, வருகிற ஜோடிகளில் பலர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணா, எல்லவுக்குப் போவமா, அந்த ஒன்பது வளைவுப் பாலத்தில ரயில் பின்னால வர நாங்கள் லைனில நடக்கிற மாதிரி ஒரு படம்?" மலைநாட்டு ஊர்தானே, எல்லவுக்குப் போகலாம், லைனில் நிற்கிற படம் மட்டும் நான் எடுக்க மாட்டேன் என்பேன். முகம் சுருங்கும். போன மாதம் ஒரு மாப்பிள்ளை போனை நீட்டி, வேறு யாரோ எடுத்த படத்தைக் காட்டி, "இவர் எடுத்திருக்கிறாரே" என்றார். எடுத்திருக்கிறார், உண்மைதான். நானும் அப்படி எடுத்தவன்தான், அதனால்தான் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், மலைநாட்டு ரயில் பாதையில் ஓஹிய, இதல்கஸ்ஹின்ன ஸ்டேசன்களுக்கு இடையில் ஒரு வளைவு. காலைப் பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டிருந்தது. பதுளைக்குப் போகிற வண்டி அப்போதுதான் கடந்து போனது, அடுத்ததற்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கிறது என்று நேர அட்டவணையைப் பார்த்து முடிவு கட்டிக்கொண்டு, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் முழங்காலில் இருந்து, தூரத்தில் உள்ளதைச் சின்னதாகக் காட்டுகிற 24 மில்லிமீற்றர் அகல லென்சில் கண்ணை வைத்திருந்தேன். ட்ரைபொட் பக்கத்தில் சிலிப்பர் கட்டை மேல் கிடந்தது. மேல் சரிவில் விறகுக்கட்டோடு போன ஒரு அம்மா, "தம்பி, கோச்சி வருது, எறங்குங்க!" என்று கத்தினார். எனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கமெராவுக்குள் பார்த்தால் பனிக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி, அவ்வளவுதான். நல்ல படம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். பிறகு கண்ணை எடுத்து வெறுங்கண்ணால் பார்த்தபோதுதான் அது புள்ளி இல்லை, எஞ்சின் என்று புரிந்தது. பக்கத்து வாய்க்காலுக்குள் விழுந்தேன். ட்ரைபொட் போய்விட்டது. பெட்டிகள் எதுவும் இல்லாமல் தனியாக இறங்கி வந்த எஞ்சின் அது, எந்த அட்டவணையிலும் இல்லாதது.

அன்றைக்கு நடந்ததைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 24 மில்லிமீற்றர் லென்சில், நூறு மீற்றர் தள்ளி நிற்கிற நாலு மீற்றர் உயர எஞ்சின் படத்தின் உயரத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஐம்பது மீற்றருக்கு வந்த பிறகும் பன்னிரண்டில் ஒரு பங்குதான். மலைநாட்டு ரயில் ஆமை மாதிரிப் போகிறது என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் மணிக்கு 30 கிலோமீற்றர் என்றாலே செக்கனுக்கு எட்டு மீற்றருக்கு மேல். அந்த ஐம்பது மீற்றருக்கு ஆறு செக்கன். போகஸ் சரிபார்த்து, இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும் என்று காத்திருந்து, எழும்பி, சல்லிக்கல்லில் கால் சறுக்காமல் ஒதுங்க ஆறு செக்கன் போதுமா? சேலை கட்டிய மணப்பெண்ணுக்குப் போதுமா?

சத்தம் கேட்குமே என்பார்கள். ஏற்றத்தில் கேட்கும். எம்6 டீசல் எஞ்சின் ஒன்று நானுஓயாவில் இருந்து பட்டிப்பொலவுக்கு ஏறுகிறது என்றால் மலைக்கு அந்தப்பக்கமே உறுமல் கேட்கும். ஆனால் பட்டிப்பொலவுக்குப் பக்கத்தில்தான் பாதையின் உச்சி, கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1898 மீற்றர், அங்கிருந்து இரண்டு பக்கமும் இறக்கம். இறக்கத்தில் எஞ்சின் இழுக்கத் தேவையில்லை, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வழுக்கி வரும். நடுவில் ஒரு மண்மேடோ வெட்டிய பாறையோ இருந்தால் அந்தச் சத்தமும் உங்களிடம் வந்து சேராது. டிரைவர் கண்டாலும் உடனே நிறுத்த முடியாது. இந்தப் பாதையில் 44 அடி போனால் ஓர் அடி இறங்குகிற இடங்கள் உண்டு. அப்படியான சரிவில் நூற்றுக்கணக்கான தொன் பாரத்தோடு இறங்குகிற வண்டி உங்கள் படத்துக்காக நிற்காது.

நேர அட்டவணையை நம்புகிறவர்களுக்கு இன்னொன்று. உடரட்ட மெனிக்கே, பொடி மெனிக்கே மாதிரிப் பயணிகள் வண்டிகள் எத்தனை மணிக்கு என்று அதில் இருக்கும். கோட்டகலை எண்ணெய்க் குதத்துக்குப் போகிற தாங்கி வண்டிகள், சல்லிக்கல் ஏற்றிய வண்டி, திருத்த வேலைக்காரரின் டிரொலி, என் ட்ரைபொட்டை விழுங்கியது போன்ற தனி எஞ்சின், இதெல்லாம் பயணிகளுக்கு ஒட்டுகிற பலகையில் இருக்காது. மேலே ஒற்றைப் பாதை வேறு, எந்தப் பக்கத்தில் இருந்தும் வரும்.

லைனை விட்டு இறங்கினால் மட்டும் போதாது, எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதும் இருக்கிறது. பெட்டி தண்டவாளத்துக்கு வெளியே ஏறத்தாழ இரண்டு அடி நீட்டிக்கொண்டுதான் வரும். அந்தப் பாதையில் நூறு மீற்றர் ஆரமுள்ள வளைவுகள் உண்டு, அங்கே நீளப் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாக இன்னும் தள்ளும், முனைகள் வெளிப்பக்கமாகத் தள்ளும். அதற்கு மேல் புட்போர்டில் தொங்குகிற ஆட்களின் கை, கால், முதுகுப்பை. தொங்குகிறவர்களுக்கும் இதே கதைதான், பாறையும் சுரங்க வாயும் அவர்களுக்காக ஒதுங்காது.

சரி, எங்கே நின்று எடுப்பது? ஒன்பது வளைவுப் பாலத்துக்கு மேலே சரிவில் நில்லுங்கள். 1921இல் கட்டியது, 24 மீற்றர் உயரம், பாலத்திலேயே ஏறி நின்றால் அதன் வளைவு ஒன்றுகூடப் படத்தில் வராது, பிறகு எதற்கு அங்கே போக வேண்டும்? சரிவில் ஜோடியை முன்னால் நிறுத்தி தூரத்தைக் கிட்டக் காட்டுகிற 135 அல்லது 200 மில்லிமீற்றர் லென்சில் எடுத்தால் பாலமும் வண்டியும் அவர்களுக்குப் பின்னால் பெரிதாக எழும்பி நிற்கும், லைனில் நிற்பதைவிட ரயில் கிட்டத் தெரியும். வருகிற எஞ்சினுக்கு நேரே பிளாஷ் அடிக்காதீர்கள். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியை முதலே எடுங்கள். லைனில் நடப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் ஜோடிக்குச் சொல்லிவிடுங்கள், சிலர் அதற்காவது இறங்குவார்கள்.

எனக்குப் பிடித்த ரயில் படம் ஒரு சின்ன ஸ்டேசனின் மேடையில் எடுத்தது. ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேசன் வரை போகலாம் என்பதற்கு அடையாளமாக டிரைவருக்கு டப்ளட் என்கிற ஓர் உலோக வில்லையைக் கொடுப்பார்கள், பெரிய வளையத்தில் மாட்டி. வண்டி மெதுவாக ஊர்கிறது, ஒரு கை வளையத்தை நீட்டுகிறது, எஞ்சினில் இருந்து இன்னொரு கை வாங்குகிறது, வளையம் இரண்டு கைக்கும் நடுவில். கடையில் பெரிதாகப் போட்டு மாட்டியிருக்கிறேன். வருகிற ஜோடிகள் பார்த்துவிட்டு, "இதில பொம்பிளை எங்க அண்ணா?" என்று கேட்கிறார்கள்.