முன்னாள் மாணவர் சங்கம்: பணத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரப்போகிறது என்றால்தான் பல கல்லூரிகளுக்குத் தங்கள் முன்னாள் மாணவர் சங்கம் ஞாபகத்துக்கு வருகிறது. பதிவு பெற்ற சங்கம் இருக்கிறதா, கல்லூரிக்கு அது என்ன செய்தது என்று கேட்பார்கள். உடனே பதிவுச் சான்றிதழைத் தேடி எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, பொன்னாடை, குரூப் போட்டோ, சாப்பாடு. அப்புறம் அடுத்த நாக் வரை பேச்சே இருக்காது.

ஒரு கலை அறிவியல் கல்லூரியில் முன்னாள் மாணவர் சங்கப் பொறுப்பைப் பார்த்து வருகிறேன். நிர்வாகத்தின் கண் எப்போதும் ஐஐடிகள் மேல்தான். 2023-ல் இன்ஃபோசிஸ் நந்தன் நிலேகனி தான் படித்த ஐஐடி பம்பாய்க்கு 315 கோடி ரூபாய் கொடுத்தார், 2024-ல் சென்னை ஐஐடிக்கு அதன் முன்னாள் மாணவர் கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி. "நம்ம பசங்கள்ல அப்படி யாரும் இல்லையா?" என்பார்கள். ஆனால் நிலேகனி ஐஐடி பம்பாயில் சேர்ந்தது 1973-ல். அந்த 315 கோடிக்கு முன்பே 85 கோடி கொடுத்திருந்தார், ஆட்சிக் குழுவிலும் இருந்தார். ஐம்பது வருட உறவு அது.

நம் முன்னாள் மாணவர்கள் வங்கி எழுத்தர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள். அவர்களிடம் கோடி இல்லை, ஆனால் நேற்றைய இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்பது தெரியும். படிப்பை முடித்து மூன்று, நான்கு வருடம் ஆனவர்கள்தான் இப்போது படிக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டச் சரியானவர்கள். பெரிய பதவிக்குப் போனவர் பேசினால் மாணவர்கள் கை தட்டுவார்கள், சந்தேகம் கேட்க மாட்டார்கள். அழைப்பும் குறிப்பாக இருக்க வேண்டும். "வழிகாட்ட வாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் போட்டால் கட்டைவிரல் மட்டும்தான் வரும். "சனிக்கிழமை காலை நாற்பது நிமிடம், மூன்றாம் ஆண்டு பி.காம். மாணவர்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் எப்படிப் போடுவது என்று காட்ட முடியுமா?" என்று கேளுங்கள், வருவார்கள்.

ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம். டிசி வாங்க வரும் நாளிலேயே, எதற்கென்று சொல்லி, சொந்த மின்னஞ்சலையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள். ஒவ்வொரு பேட்சிலும் எல்லோர் கல்யாணத்துக்கும் போய்வருகிற ஒருவர் இருப்பார். அவரைப் பிடித்தால் பாதிப் பேர் கிடைத்த மாதிரி.

தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவிலும், கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் உள் குழுவான ஐக்யூஏசி-யிலும் முன்னாள் மாணவருக்கு இடம் உண்டு. அதே கல்லூரியில் படித்து அங்கேயே பேராசிரியராக இருப்பவரைப் போட்டு அந்த இடத்தை நிரப்புவது சுலபமான வழி. விதியை நிறைவேற்றிய மாதிரி இருக்கும், வெளிக்காற்று உள்ளே வராது.

பணம் வந்தால் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஆள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-யின் கீழ் அனுமதி வேண்டும், பணமும் முதலில் எஸ்பிஐ-யின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். பாஸ்போர்ட் எந்த நாட்டினுடையது என்று கேட்காமல் சங்கத்தின் சாதாரணக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். பத்து வருடம் கழித்து டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் விவரச் சான்று) கேட்டு வருகிறவரை "அடுத்த வாரம் வாங்க" என்று மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டு, அவருக்கே நன்கொடைக் கடிதமும் அனுப்புகிறோம்.