போலி பக்கிளை அதன் பின்பக்கம் காட்டிக்கொடுக்கும்

பழைய ஜெர்மன் ராணுவ பெல்ட் பக்கிள் வாங்கும்போது, விற்பனைப் படத்தில் அதன் முன்பக்கம் மட்டும் இருந்தால் பணம் அனுப்பாதீர்கள். பின்பக்கம், நான்கு விளிம்புகள், பெல்ட்டைப் பிடிக்கும் முள்கள் உள்ள முள் பட்டை, பெல்ட்டின் கொக்கி மாட்டும் இடம், பின்னால் தைத்த தோல் நாக்கு இருந்தால் அதன் இரு பக்கங்கள் என எல்லாவற்றுக்கும் தெளிவான படம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் பேரம் பேசுவதே வீண். போலி செய்பவர்களின் உழைப்பெல்லாம் முன்பக்கத்துக் கழுகுச் சின்னத்திலும் எழுத்திலும் போய்விடும். பின்னால் அவர்களின் அவசரம் அப்படியே நிற்கும்.

சந்தையில் மிக அதிகமாகப் போலி செய்யப்படும் ராணுவப் பொருள்களில் ஜெர்மன் பக்கிளும் ஒன்று. அதன் வரலாறு கொஞ்சம் தெரிந்தாலே பாதிப் போலிகள் கழிந்துவிடும். ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் படைக்கு 1847இல் வந்த பக்கிளில், பித்தளைத் தகட்டின் மேல் வெண்ணிற உலோகத்தாலான வட்ட வில்லை தனியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். நடுவில் கிரீடம், சுற்றிலும் ‘கோட் மிட் உன்ஸ்’, அதாவது இறைவன் எம்முடன் என்ற வாசகம். முதல் உலகப் போரில் பித்தளைக்குத் தட்டுப்பாடு வந்ததும் எஃகுத் தகட்டில் அடித்துச் சாம்பல் வண்ணம் பூசினார்கள். மற்ற ஜெர்மானிய அரசுகளான பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பேர்க் படைகளுக்குத் தனித்தனிச் சின்னமும் வாசகமும் இருந்தன. நாஜி ஆட்சியில் கழுகும் ஸ்வஸ்திகாவும் கொண்ட தரைப்படை பக்கிள் 1936இல் வந்தது. முதலில் அலுமினியம், போர் நீண்டபோது வண்ணம் பூசிய எஃகு. வாசகம் மட்டும் அதேதான். ஆகவே 1936 மாதிரிக் கழுகைக் கனமான வார்ப்புப் பித்தளையில் காட்டி ‘சிப்பாய் அணிந்தது’ என்று ஒருவர் சொன்னால், மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

அசலான அலுமினிய, எஃகு பக்கிள்கள் தகட்டை டையில், அதாவது உருவம் வெட்டிய எஃகு அச்சில், வைத்து அழுத்தி அடித்தவை. முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாகத் தெரியும். தகட்டின் கனமும் எங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். வார்ப்பில் பின்புறம் பெரும்பாலும் தட்டையாகவோ சொரசொரப்பாகவோ இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் எழுத்தின் அடிவிளிம்பைப் பாருங்கள். அடித்த உலோகத்தில் எழுத்தும் தளமும் சேரும் கோடு கூர்மையாக இருக்கும். வார்ப்பில் அது மழுங்கி வழுவழுப்பாகும், ஊசி முனையளவுக் குழிகளும் தெரியும். விளிம்பில் ஒரே திசையில் அரத்தின் கீறல்கள் இருந்தால், வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேரும் ஒட்டுக்கோட்டை ராவி மறைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

அசலிலிருந்து அச்செடுத்து வார்த்தது என்றால் அளவும் குறையும். பித்தளை குளிரும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை சுருங்கும். வெளிவிளிம்பை மட்டும் வெர்னியரால் அளந்தால் போதாது, ஏனென்றால் அசலிலேயே ஆலைக்கு ஆலை அளவு மாறும். நடு வட்டத்தின் விட்டம், வாசகத்தின் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் உள்ள தூரம் ஆகியவற்றை அதே ஆலையின் ஐயமற்ற பக்கிளோடு ஒப்பிடுங்கள்.

குறைகளைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. டையில் விழுந்த விரிசல் அதன்பின் அந்த டையில் அடித்த எல்லா அசல்களிலும் மெல்லிய மேடாக வரும். அது நல்ல அடையாளம். ஆனால் சிப்பாயின் கையில் இருந்தபோது பட்ட அடியோ கீறலோ ஒரே ஒரு பக்கிளில்தான் இருக்க முடியும். அதே நசுங்கல் அதே இடத்தில் இரண்டு பக்கிள்களில் இருந்தால், குறைந்தது ஒன்றாவது வார்ப்பு. விற்றுப்போனவற்றின் படங்களைச் சேமித்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

உலோகத்தில் ஐயம் இருந்தால் அடர்த்தியைப் பாருங்கள். முதலில் பக்கிளை எடைபோட்டுக்கொள்ளுங்கள். பிறகு தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து அது காட்டும் எடையைச் சுழியாக்கி, நூலில் கட்டிய பக்கிளை அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டரில் அதன் பருமன். எடை 54 கிராம், தண்ணீரில் காட்டியது 20 என்றால் 54ஐ 20ஆல் வகுக்க அடர்த்தி 2.7, அலுமினியம். எஃகு 7.8 அளவில் வரும், பித்தளை 8.5ஐ ஒட்டி வரும், மலிவான துத்தநாகக் கலவை 6.6 வாக்கில் நிற்கும். அலுமினிய பக்கிளில் முள் பட்டை எஃகாக இருந்தால் எண் சற்றுக் கூடும். தோல் நாக்கு உள்ளதை மட்டும் ஒருபோதும் நனைக்காதீர்கள்.

அடுத்தது தேய்மானம். பெல்ட்டின் கொக்கி உரசும் உட்பகுதி, முள் திரும்பும் இடம், மேடான விளிம்புகள் ஆகியவை முதலில் தேயும். எழுத்துகளுக்கு இடையிலான பள்ளத்தில் வண்ணம் தங்கியிருக்கும். பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் அது அமிலத்தின் வேலை. முன்பக்கம் அரைகுறையாகத் தேய்ந்திருக்க, கொக்கி மாட்டும் இடம் புதிதாக மின்னினால் அதுவும் செயற்கைத் தேய்மானம்தான். பழைய துரு கரும்பழுப்பாக, கெட்டியாக ஒட்டியிருக்கும். அண்மையில் வரவழைத்தது ஆரஞ்சு நிறத்தில் விரலோடு வரும். துருவின் மேல் வண்ணம் ஏறியிருந்தால் மறுபூச்சு.

தோல் நாக்கில் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் பதித்திருப்பதுண்டு. அந்தப் பெயரே விலையைக் கூட்டுவதால் நாக்கைத் தனியாகப் போலி செய்து அசல் உடலில் தைப்பார்கள். உலோகத்தில் ஒரு பெயர், தோலில் வேறொரு பெயர் என்றால் எச்சரிக்கையாகுங்கள். தையல் துளைகள் இரட்டையாக இருந்தால் ஒருமுறை பிரித்துத் தைத்திருக்கிறார்கள். புறஊதா விளக்கில் நூல் நீலவெண்மையாக ஒளிர்ந்தால் இக்கால நூலாக இருக்கலாம். ஆனால் சோப்புத்தூளில் கழுவிய பழைய நூலும் ஒளிரும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்எஸ் படையின் பக்கிள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நியூரம்பெர்க் தீர்ப்பாயம் 1946இல் குற்ற அமைப்பு என்று அறிவித்த அந்தப் படையின் பொருள்களுக்கு விலை மிக அதிகம். அதனாலேயே போலிகளும் மிக நேர்த்தியானவை, புதிய டை வெட்டி அடித்தவையும் உண்டு. மேலே சொன்ன வார்ப்புச் சோதனை எதுவும் அவற்றிடம் பலிக்காது. அசல் டையின் ஒவ்வொரு எழுத்தையும் இறகையும் ஒப்பிடத் தெரியாத நிலையில் தொடக்கச் சேகரிப்பாளர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. எந்த பக்கிளானாலும் ஸ்வஸ்திகா இருந்தால் ஜெர்மனியில் அதைப் பொதுவில் காட்டுவது கல்வி, ஆய்வு போன்ற விலக்குகள் தவிரக் குற்றம். அங்கிருந்து வாங்குவோர் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் ‘போலி என்று தெரிந்தால் முழுப் பணமும் திரும்பும்’ என்பதை நாள் கணக்கோடு எழுத்தில் பெறுங்கள். பக்கிள் கைக்கு வந்ததும் துடைக்கவோ மெருகேற்றவோ செய்யாதீர்கள். கிடைத்த நிலையிலேயே இருபுறமும் படமெடுத்து, அளவும் எடையும் குறித்துவிட்டு, அந்தக் கெடு முடிவதற்குள் எல்லாச் சோதனைகளையும் முடித்துவிடுங்கள்.