ரோபோவா, லேப்ராஸ்கோபியா? முதலில் கட்டி எங்கே என்று கேளுங்கள்

"அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, சுகரும் இருக்கிறது. ரோபோவில் செய்தால் ரிஸ்க் குறையுமா டாக்டர்?" குடல் புற்றுநோய் என்று தெரிந்ததும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

ரோபோ தானாக எதையும் வெட்டாது. கன்சோல் எனும் கட்டுப்பாட்டு மேடையில் உட்கார்ந்து சர்ஜன் கையை அசைத்தால்தான் அதன் கரங்கள் அசையும். சிறு துளைகள், வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு நிரப்புவது, தலையைத் தாழ்த்திப் படுக்க வைப்பது எல்லாம் ரோபோவிலும் உண்டு, சர்ஜன் நீண்ட கருவிகளைத் தன் கையிலேயே பிடித்து, கேமரா வழியே பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோபியிலும் உண்டு. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சுமை தருவது இவைதான். ஆகவே இதயம் பலவீனம் என்பதற்காக மட்டும் ரோபோவைத் தேட வேண்டாம். ஆபரேஷன் நேரம் நீண்டால் அந்தச் சுமையும் நீளும்.

ரோபோ கைகொடுக்கும் இடம் வேறு. பருமனான ஆண், குறுகலான இடுப்பெலும்பு, ஆசனவாய்க்கு அருகே கட்டி, ஏற்கெனவே கதிர்வீச்சு. அந்தக் குழிக்குள் லேப்ராஸ்கோபியின் வளையாத கருவிகள் ஒன்றோடொன்று இடிக்கும். ரோபோ கருவியின் முனை மணிக்கட்டுபோல் திரும்பும். பெருங்குடலின் கடைசிப் பகுதியான மலக்குடலை ஒட்டியே சிறுநீருக்கும் ஆண்மைக்கும் உரிய நரம்புகள் ஓடுகின்றன. அவற்றைக் காப்பாற்றிக்கொண்டே கட்டியை முழுசாக எடுக்க வேண்டும்.

மலக்குடல் புற்றுநோய் உள்ள 471 பேரிடம் இரண்டு முறையையும் ஒப்பிட்ட ரோலார் ஆய்வு 2017இல் வெளிவந்தது. பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது லேப்ராஸ்கோபியில் 12.2%, ரோபோவில் 8.1%. புள்ளியியல்படி அது உறுதியான வித்தியாசம் இல்லை. அப்புறம் சீனாவில் 11 மருத்துவமனைகளில் நடந்த ரியல் ஆய்வு. நடு, கீழ் மலக்குடல் புற்றுநோய் 3 ஆண்டுக்குள் அதே பகுதியில் திரும்பியது ரோபோவில் 1.6%, லேப்ராஸ்கோபியில் 4%. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் அங்கே ஆபரேஷன் செய்தவர்கள் இரண்டு முறையிலும் கைதேர்ந்தவர்கள்.

வலப்பக்கப் பெருங்குடலில் கட்டி என்றால், ரோபோவுக்காக நகையை அடகு வைக்காதீர்கள் என்று நேரடியாகவே சொல்லிவிடுவேன். லேப்ராஸ்கோபியில் நன்றாகச் செய்யக்கூடிய ஆபரேஷன் அது. கீழ் மலக்குடல் என்றால், "இந்த ஆபரேஷனை ரோபோவில் எத்தனை செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்குக் குடல் இணைப்பில் கசிவு வந்தது?" என்று கேளுங்கள். தயங்க வேண்டாம்.

ரிஸ்க்கைக் குறைக்கும் வேலை வீட்டிலேயே நிறைய இருக்கிறது. பீடி, சிகரெட்டை இன்றே நிறுத்துவது, ரத்தசோகைக்கு இரும்புச்சத்து எடுத்துக்கொள்வது, சுகரைக் கட்டுக்குள் வைப்பது, தினமும் நடப்பது, மூன்று பந்து உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவியை இழுத்துப் பழகுவது. ஸ்டென்ட்டுக்காகச் சாப்பிடும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எப்போது, எத்தனை நாள் என்பதை இதய மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.