இணைய நடுவுநிலை: ஒரு ‘வு’ செய்யும் வேலை

வேலூர்க்காரர் காதில் ‘நியூட்ரல்’ என்று விழுந்தால் முதலில் நினைவுக்கு வருவது கியர். சிக்னலில் ஷேர் ஆட்டோக்காரர் தட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாரே, அது. அடுத்தது எலக்ட்ரீஷியன் சொல்லும் நியூட்ரல் ஒயர். இரண்டிலும் ‘ஒன்றும் நடக்காத நிலை’ என்ற பொருள்தான் மனதில் தங்குகிறது. 2015இல் செய்தித்தாள்கள் ‘நெட் நியூட்ராலிட்டி’ என்று எழுதத் தொடங்கியபோது, ஏதோ நெட் நின்றுபோகிற சமாசாரம் என்று நினைத்தவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சொல் அப்படித்தான் வந்து இறங்கியது.

பொருள் இதுதான். நெட் கொடுக்கும் நிறுவனம், தன் வழியே போகும் தரவு யாருடையது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து ஒன்றைத் தடுக்கக் கூடாது. ஒன்றை மெதுவாக்கக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு ஒன்றை முன்னால் விடக் கூடாது. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் லாரியின் அளவைப் பார்த்துக் கட்டணம் வாங்குகிறார்கள். உள்ளே ஆம்பூர்ச் செருப்பா, குடியாத்தம் கைலியா என்று பார்த்து ஒருவரை நிறுத்தி ஒருவரை விடுவதில்லை. ஒரு செருப்புக் கம்பெனி சாவடிக்காரரோடு பேசிவைத்துக்கொண்டு தன் லாரியை மட்டும் முன்னால் விடச் சொன்னால் என்ன ஆகும்? அந்தக் கேள்விதான் இணையத்திலும்.

‘நெட்வொர்க் நியூட்ராலிட்டி’ என்ற தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ. 2003இல் எழுதிய கட்டுரையில். எண்ணம் அதைவிடப் பழையது. ரயிலும் தந்தியும் தொலைபேசியும் வந்த காலத்திலேயே, பொதுவில் சுமந்துசெல்லும் தொழில் செய்பவர் வந்தவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி சுமக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2005இல் அமெரிக்காவில் ஒரு சிறிய தொலைபேசி நிறுவனம், தனக்குப் போட்டியாக இணையம் வழியே பேச வைத்த சேவையை அடைத்து மாட்டிக்கொண்டது. 2007இல் காம்காஸ்ட் நிறுவனம் பிட்டோரன்ட் கோப்புப் பகிர்வை ஓசைப்படாமல் மட்டுப்படுத்தியது வெளியே வந்தது. அதன்பிறகுதான் சட்டக் கட்டுரைக்குள் இருந்த சொல் அரசியல் மேடைக்கு ஏறியது.

‘நியூட்ரல்’ லத்தீனின் ‘நியூட்டர்’ என்பதிலிருந்து வந்தது: ‘இரண்டில் எதுவும் இல்லை’ என்று பொருள். எதிலும் சேராமை, ஒதுங்கி நிற்றல். இதே பொருளுக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: நொதுமல். பகையும் அல்ல, நட்பும் அல்ல, அயல். திருக்குறளின் 12ஆம் அதிகாரமான ‘நடுவு நிலைமை’க்கு விளக்கம் தரும் பரிமேலழகர், பகை, நொதுமல், நட்பு என்னும் மூன்று வகையாரிடத்தும் அறத்தில் வழுவாமல் ஒப்ப நிற்பது என்கிறார். இங்கே கொஞ்சம் நிற்கலாம். நொதுமல் என்பது ஒருவரோடு நமக்குள்ள உறவு. நடுவுநிலை என்பது அந்த உறவு எதுவானாலும் நாம் நடந்துகொள்ளும் முறை. லத்தீன் சொல் முதலாவதில் நின்றுவிட்டது. தமிழ் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. நெட் நிறுவனத்திடம் நாம் கேட்பது ஒதுங்கி நிற்பதை அல்ல, கோணாமல் சுமப்பதை. ஆகவே மூலச்சொல்லைவிட நம் சொல்லே விஷயத்துக்குப் பொருத்தம் என்பேன். பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை ‘நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற’ நெஞ்சினர் என்கிறது. பகல் என்றால் நுகத்தடியின் நட்டநடுவில் இருக்கும் ஆணி. அது சும்மா இருப்பதில்லை. இரண்டு மாட்டின் இழுப்பையும் தாங்குகிறது.

இப்போது புழக்கத்தில் உள்ள தமிழாக்கங்களுக்கு வருவோம். ‘இணையச் சமநிலை’ என்று பலர் எழுதினார்கள். சமநிலை என்பது தராசு நிற்கும் நிலை. கபடியில் இரு அணியும் ஒரே புள்ளி எடுத்தால் வருவது. யார் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. ‘இணையச் சமத்துவம்’ கேட்க நன்றாக இருக்கிறது, மேடைக்கும் எடுப்பு. ஆனால் 2018 மே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்களே, அப்போது அங்கே எல்லாருக்கும் சமமாகத்தான் நெட் இல்லை. ‘இணைய நடுநிலை’ கிட்டத்தட்ட சரி. இரண்டு தொல்லைகள். ஒன்று, நடுநிலை என்றதும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி நினைவுக்கு வருகிறது. தொடக்கத்துக்கும் உயர்நிலைக்கும் இடைப்பட்டது என்று. இரண்டு, இணையச் சண்டைகளில் நடுநிலைவாதி என்பதே இப்போது வசவு. ‘வு’ சேர்ந்து ‘நடுவுநிலை’ ஆனால் பள்ளிக்கூடமும் போகிறது, வசவும் போகிறது.

இந்தச் சொல்லை நான் சோதித்துப் பார்த்தது காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கீழே உள்ள ஓர் ஊரில், என் மாமாவிடம். பழைய வட ஆற்காடு, இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வந்து நிரப்பும் ஏரி அது. மாமாவின் அப்பா நீர்க்கட்டி. எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பது அவர் வேலை. நான் விளக்கி முடித்ததும் மாமா, “இதுக்கு இன்னாத்துக்குப்பா அமெரிக்கா போவணும்? இது முறைத் தண்ணிதான?” என்றார். பிறகு அவரே, “தண்ணிக்கு எந்தக் கயினின்னு தெரியாது. கட்றவன் கைதான் கோணும்” என்றார். “நாத்தங்காலுக்கு மொதல்ல வுடுவீங்களே, அது?” என்று கேட்டேன். “அது யாரு நாத்தா இருந்தாலும் வுடுவோம்” என்றார். சட்டத்திலும் இதே விலக்கு இருக்கிறது: இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் தந்த பரிந்துரை, தனித் தரம் தேவைப்படும் சிறப்புச் சேவைகளை விதிக்கு வெளியே வைத்தது.

முறை வேறு, கடைமடை வேறு. முறை என்பது ஓடுகிற தண்ணீரைக் கோணாமல் பிரிப்பது. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்கிறதா என்பது தனிக் கேள்வி. அரசியலில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழைக்கப்பட்ட கதைதான் ஃபிரீ பேசிக்ஸ். ஃபேஸ்புக் 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து, இன்டர்நெட்.ஆர்க் என்ற பெயரில் இந்தியாவில் அதைத் தொடங்கியது. முதல் ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தேர்ந்தெடுத்த சில தளங்கள் மட்டும் காசில்லாமல் கிடைக்கும். ‘நெட்டே இல்லாத ஏழைக்குக் கொஞ்சமாவது கிடைக்கிறதே, உனக்கென்ன?’ என்பது அவர்கள் வாதம். கடைமடையைக் காட்டி முறையை மாற்றச் சொன்னார்கள். அதே ஆண்டு மார்ச்சில் டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. ஏப்ரலில் மக்களவையில் ராகுல் காந்தி இதை எழுப்பினார்; பாகுபாடில்லாத இணையமே அரசின் நிலை என்று அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் பதில் சொன்னார். ஒடிசா முதல்வராக இருந்த நவீன் பட்நாயக், ஏழைக்கு எது கிடைக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடமிருந்து பறிக்கிறீர்கள் என்ற பொருளில் டிராய்க்கு எழுதினார். அந்த விவாதத்தில் எனக்குப் பிடித்த வாதம் அதுதான். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய், உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று விதி போட்டது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சம் 50 லட்சம். 2018 ஜூலையில் மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆணையம் (டெலிகாம் கமிஷன்; டிராய் வேறு) டிராயின் 2017 பரிந்துரைகளையும் ஏற்றது.

அமெரிக்காவில் இது கட்சிச் சண்டை. 2015இல் அங்கத்திய தகவல்தொடர்பு ஆணையத்தில் (எஃப்.சி.சி.) ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மையோடு மூன்றுக்கு இரண்டு வாக்கு என்று விதி வந்தது. 2017இல் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மையோடு அதே மூன்றுக்கு இரண்டில் போனது. 2024இல் மீண்டும் மூன்றுக்கு இரண்டில் திரும்பியது. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடித்துவிட்டது. எதிர்ப்பவர்கள் வாதம் முழுக்கப் புறந்தள்ளக் கூடியதல்ல: கம்பி போடக் காசு போட்டவர் கையை தொலைபேசிக் காலத்து 1934ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தால் கட்டினால், அடுத்த கம்பியை யார் போடுவார்? இங்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள், அதிகத் தரவை அனுப்பும் பெரிய தளங்கள் செலவில் பங்கு தர வேண்டும் என்று கேட்டுவருகின்றன. வாய்க்கால் தூர்வாரும் செலவை யார் தலையில் போடுவது என்ற பழைய பஞ்சாயத்து.

கடைமடைக் கேள்வியான சமவாய்ப்பைச் சொல்ல ‘இணைய அணுகல் உரிமை’ என்று தனியாக எழுதுவதே நல்லது. 2019இல் கேரள உயர் நீதிமன்றம் ஏற்றது இந்த உரிமையைத்தான். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் பாரத்நெட் வேலையும், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்து மலையில் பீஞ்சமந்தைப் பக்கம் டவர் கேட்பதும் இதில் சேரும். நடுவுநிலையின் கிளைச்சொற்களுக்கு மடையிலிருந்தே எடுக்கலாம்: தளத்தைத் தடுப்பது அடைப்பு, வேகத்தைக் குறைப்பது நெரிப்பு, காசுக்கு முன்னுரிமை தருவது விலைமடை. மூன்றுக்கும் பொதுவாகக் குறளின் ‘ஒருபால் கோடாமை’யைத் திருப்பிப் போட்டு, கோடல் எனலாம். ‘இணைய நடுவுநிலை’ என்று எழுதும்போது நடுவில் ஒற்று வேண்டாம்; ‘நடுவுநிலைக் கொள்கை’ என்றால் க் வரும்.