அந்தாக்ட்ஸ்பில்ட்: பக்தி ஓவியமா, தியானப் படமா?

ஐரோப்பியக் கிறிஸ்தவ ஓவியங்களைப் பற்றிக் கொஞ்சம் ஆழமாகப் படிக்கப் போனால் அந்தாக்ட்ஸ்பில்ட் என்ற ஜெர்மன் சொல் வந்து நிற்கும். தமிழில் இதை 'பக்தி ஓவியம்' என்று எழுதலாம்தான், ஆனால் அது ரொம்பப் பரந்த சொல். பைபிள் காட்சி எதை வரைந்தாலும் பக்தி ஓவியம்தானே? இந்தச் சொல் குறிப்பது அதையெல்லாம் அல்ல.

'பில்ட்' என்றால் படம், உருவம். 'அந்தாக்ட்' என்பதற்கு இன்றைய ஜெர்மனில் செபம், பக்தி என்று பொருள். ஆனால் அதன் வேர் 'நினை' என்ற வினையில் இருக்கிறது, பழைய ஜெர்மனில் ஒன்றின் மேல் நினைப்பைக் குவிப்பதுதான் அந்தாக்ட். ஆக, ஒருவர் தனியாக உட்கார்ந்து மனத்தைக் குவிக்க ஏதுவான படம். 14ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் இந்த வகை செழித்தது. இறந்த மகனை மடியில் கிடத்திய தாய், அதாவது நம்மூர்க் கத்தோலிக்கர்கள் வியாகுல மாதா என்று சொல்லும் அன்னை, அங்கே மரத்தில் செதுக்கப்பட்டுப் பரவினாள். அப்புறம் அதே உருவம் ஆல்ப்ஸ் மலை தாண்டி இத்தாலிக்குப் போய், 1498–99இல் மைக்கலாஞ்சலோவின் கையில் பளிங்கானது.

1927இல் கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி இந்தச் சொல்லுக்கு ஒரு வரையறை கொடுத்தார். ஒரு பக்கம் வழிபாட்டுப் படம், மறுபக்கம் கதை சொல்லும் படம், இரண்டுக்கும் நடுவில் இது.

இந்த எல்லைக்கோட்டிலேயே நிற்கும் ஒரு பரோக் (17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாணி) ஓவியம் எனக்கு மிகவும் பிடிக்கும். பிராங்க்பர்ட்டில் 1578இல் பிறந்து, வெனிஸ் வழியாக 1600இல் ரோமுக்குப் போய், 1610இல் 32 வயதில் அங்கேயே இறந்துபோன ஆடம் எல்ஷைமர், 1609இல் வரைந்த 'எகிப்துக்குத் தப்பியோடுதல்' அது, குழந்தை இயேசுவைக் காப்பாற்ற மரியாவும் அவர் கணவர் சூசையப்பரும் எகிப்துக்கு ஓடும் பைபிள் காட்சி. செப்புத் தகட்டின் மேல் எண்ணெய் வண்ணம், உயரம் 31 செ.மீ., அகலம் 41 செ.மீ. மட்டுமே, இப்போது மியூனிக்கில் இருக்கிறது. சூசையப்பர் கையில் தீப்பந்தம், கழுதை மேல் மரியாவும் குழந்தையும், இடப்பக்கம் இடையர்கள் மூட்டிய நெருப்பிலிருந்து மேலே பறக்கும் பொறிகள், வலப்பக்கம் முழுநிலவும் தண்ணீரில் அதன் நிழலும், இவ்வளவுக்கும் மேலே சாய்வாக ஓடும் பால்வீதி. படத்தில் பெரும்பகுதி இருட்டுதான், மனிதர்கள் மிகச் சிறியவர்கள். மரக்கூட்டம் அவர்களை விழுங்கிவிடுகிற மாதிரி நிற்பது 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஓவியர் ஆல்ட்டோர்ஃபர் காலத்திலிருந்து வரும் ஜெர்மன் காட்டுப் பார்வை, ஒளி ஒவ்வொன்றும் தனித்தனி இடத்திலிருந்து பிறந்து முகங்களைத் தொடுவது அவர் வெனிஸிலும் ரோமிலும் கற்றது. இரண்டையும் பிரித்தெடுக்க முடியாத அளவுக்குக் கலந்துவிட்டார், அதுதான் இந்தப் படத்தின் பெருமை என்பேன்.

கண்டிப்பாகப் பார்த்தால் இது கதைப் படம்தான். ஆனால் இந்த அளவுள்ள தகட்டைக் கூட்டமாக நின்று பார்க்க முடியாது, ஒருவர் முகத்தை அருகில் கொண்டுபோய், கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுத்திருந்தால்தான் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகப் பிடிபடும். எல்ஷைமர் இறந்த செய்தி கேட்டு வருந்திக் கடிதம் எழுதிய ஆன்ட்வெர்ப் ஓவியர் ரூபன்ஸ், எல்ஷைமரின் விதவையிடம் இந்தப் படத்தை ஆன்ட்வெர்ப்புக்கு அனுப்பச் சொல்லி விற்றுத்தர முன்வந்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? என் தேர்வு தியானப் படம். 'உள்ளுதல்' என்ற பழைய வினை பொருளுக்கு இன்னும் நெருக்கம், ஆனால் 'உள்ளற் படம்' என்று எழுதினால் பலருக்கும் புரியாது. தியானம் என்ற சொல் தேவாலயத்திலும் புழக்கத்தில் இருக்கிறது, சிலைக்கும் பொருந்த வேண்டுமென்றால் 'தியான உருவம்' என்று மாற்றிக்கொள்ளலாம். 'பலிபீட ஓவியம்' என்று மட்டும் எழுத வேண்டாம், அது ஆலயப் பீடத்தின் மேல் ஊரே பார்க்க நிற்கும் படம்.