சாக்குக்கு முன்னே போகும் கையொப்பம்

தலவாக்கலைப் பக்கத்து ஃபெக்டரி ஒன்றிலிருந்து நாற்பது சாக்கு பிஓபி தரத் தேயிலைத் தூள் கொழும்புக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சாக்குக்கு 55 கிலோ, மொத்தம் 2200 கிலோ. ஏலத்தில் எடுத்த ஏற்றுமதியாளர் வேறு தூளோடு கலக்காமல் அப்படியே ஹம்பர்க்குக்கு அனுப்புகிறார். வழியில் அந்த 2200-ஐ எத்தனை பேர் நம்ப வேண்டியிருக்கிறது பாருங்கள்: தரகர், தேயிலைச் சபை, இலங்கைச் சுங்கம், கப்பல் கம்பெனி, வங்கி, கடைசியில் ஜெர்மன் சுங்கம். இவர்கள் ஒவ்வொருவரும் சாக்கை மறுபடி தராசில் ஏற்றுவதில்லை. கையில் வந்த தரவை நம்பித்தான் அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

தரவு சாக்குக்கு முன்னே போயாகவும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கடல்வழி போகும் கொள்கலன் என்றால், அது இங்கே கப்பலில் ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்பே சரக்கின் விவரம் அங்குள்ள சுங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தாளைக் கட்டி கூரியரில் அனுப்பி இந்த விதியைச் சமாளிக்க முடியாது.

அதனால் தரவு கணினியிலிருந்து கணினிக்கே போகிறது. இதைத்தான் இலத்திரனியல் தரவுப் பரிமாற்றம் என்கிறோம். கணினிகள் ஒன்றோடொன்று பேச முதலில் ஒரு பொது மொழி வேண்டும். அது பெரும்பாலும் எண்களால் ஆனது. உலகச் சுங்க அமைப்பின் பட்டியலில் தேயிலைக்கு 0902. மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பொதியில் போகும் கறுப்புத் தேயிலை என்றால் 0902.40, அதற்கு உட்பட்ட சிறு பொதி என்றால் 0902.30. சுங்கப் பிரகடனத்தில், அதாவது வார்ஃப் கிளார்க்குகள் வாயில் ‘கஸ்டெக்’ என்று புழங்குகிற படிவத்தில், இந்த எண்தான் தீர்வையையும் அனுமதிகளையும் தீர்மானிக்கிறது. இலங்கைச் சுங்கம் பயன்படுத்தும் அசிகூடா என்ற மென்பொருளை ஐ.நா.வின் வர்த்தக, அபிவிருத்தி அமைப்பான அங்டாட் உருவாக்கியது. அதே மென்பொருள் இன்னும் பல நாடுகளிலும் ஓடுகிறது.

எண்ணோடு எல்லை கடப்பது மலையகத்துக்குப் புதிதும் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருக்கு, தோட்டத்தின் குறியீடும் தொடர் எண்ணும் அடித்த தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. அந்தத் துண்டு ஆள் எந்தத் தோட்டத்துக்கு என்று சொல்லும். அதை அடித்தது யார், எண் இடையில் மாறியதா என்பதைச் சொல்லாது. இலத்திரனியல் தரவுப் பரிமாற்றத்தில் கடினமான பகுதியும் இதுதான்.

பாதுகாப்பு என்றதும் எல்லோருக்கும் இரகசியம்தான் நினைவுக்கு வருகிறது. விலை, வாங்குபவர் பெயர் போன்றவற்றை மறைக்க வேண்டியிருக்கிறது, சரி. அதற்குக் குறியாக்கம், அதாவது பிறர் படிக்க முடியாதபடி தரவை உருமாற்றும் முறை, இருக்கிறது. வங்கி இணையதளத்தைத் திறக்கும்போது உங்கள் கைபேசி செய்வதும் அதைத்தான். ஆனால் வணிகத்தில் இரகசியத்தைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு உண்டு. இந்த எண்ணை வழியில் யாராவது மாற்றினார்களா? அனுப்பியவர் பிற்பாடு “நான் அனுப்பவில்லை” என்று கைவிரிக்க முடியுமா? இரண்டுக்கும் விடை இலத்திரனியல் கையொப்பம். கையெழுத்தை ஸ்கேன் பண்ணி ஒட்டுகிற படத்தைச் சொல்லவில்லை. இது முழுக்கக் கணக்கு. சின்ன எண்களை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம், ஒரு தாளும் பேனாவும் போதும்.

முதலில் ஆவணத்தைச் சுருக்க வேண்டும். 2200-இன் இலக்கங்களைக் கூட்டினால் 4. இதை நம் ஆவணத்தின் சுருக்கம் என்று கொள்வோம். ஏற்றுமதியாளரிடம் இரண்டு எண்கள் இருக்கின்றன. 7 என்பது அவர் யாருக்கும் காட்டாத இரகசியச் சாவி. 3 என்பது ஊருக்கே சொல்லிவிட்ட பொதுச் சாவி. இரண்டோடும் சேர்ந்து இயங்குகிற 33-உம் எல்லோருக்கும் தெரியும். கையொப்பமிட, நான்கை ஏழு தடவை எழுதிப் பெருக்குகிறார். 16384 வருகிறது. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 16. இந்த 16தான் கையொப்பம். 2200-உம் 16-உம் சேர்ந்தே பயணிக்கின்றன.

ஹம்பர்க்கில் பெறுபவருக்கு 7 தெரியாது, தெரியவும் தேவையில்லை. பொதுச் சாவி 3 என்பதால் அவர் 16-ஐ மூன்று தடவை எழுதிப் பெருக்குகிறார். 4096. அதை 33-ஆல் வகுக்க மீதி 4. தன் திரையில் தெரிகிற 2200-இன் இலக்கங்களைக் கூட்டினாலும் 4. பொருந்திவிட்டது. வழியில் எவரோ எடையை 2600 என்று மாற்றியிருந்தால் கூட்டுத்தொகை 8 ஆகியிருக்கும், கையொப்பமோ இன்னமும் 4 என்றே சொல்லும். குட்டு வெளிப்பட்டுவிடும். 8-க்குப் பொருந்துகிற புதுக் கையொப்பம் போட 7 தெரிந்தாக வேண்டும், அது ஏற்றுமதியாளரிடம் மட்டுமே இருக்கிறது. அதனாலேயே அவராலும் பிறகு மறுக்க முடியாது.

கூர்ந்து பார்த்தவர்களுக்கு இதில் இரண்டு ஓட்டைகள் தெரிந்திருக்கும். எடையை 2020 என்று மாற்றினாலும் கூட்டுத்தொகை 4தான். ஆக நம் சுருக்கம் ஏமாந்துவிடும். அதனால் நிஜத்தில் ஷா-256 போன்ற முறைகளைப் பயன்படுத்துகிறார்கள். எவ்வளவு பெரிய ஆவணமாக இருந்தாலும் அதை 64 எழுத்தும் எண்ணுமாகச் சுருக்கிவிடும். ஒரு கால்புள்ளி மாறினாலும் அந்த 64-உம் அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். இரண்டாவது ஓட்டை 33. அது 3 பெருக்கல் 11 என்று யாருக்கும் தெரியும், அதைப் பிரித்துவிட்டால் 7-ஐக் கண்டுபிடிப்பது எளிது. 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய இந்த முறையில் இன்று 33-இன் இடத்தில் வழக்கமாக நிற்பது 617 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அதன் இரண்டு காரணிகளையும் இன்றைய கணினிகளால் நடைமுறையில் பிரித்தெடுக்க முடியாது.

கொள்கலனின் எண்ணிலும் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கிறது. தட்டச்சில் பிழை விட்டால் பெரும்பாலும் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் அதைக் கணக்கிட இரகசியச் சாவி எதுவும் வேண்டாம். அதனால் தவறைப் பிடிக்கும், திருட்டைப் பிடிக்காது.

அப்புறம் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. 3 என்பது இந்த ஏற்றுமதியாளரின் பொதுச் சாவிதான் என்று யார் சொன்னது? அதற்குச் சான்றளிக்கும் நிறுவனம் வேண்டும். இலங்கையில் லங்காசைன் அப்படிப்பட்ட ஒன்று. சட்டத்தின் பக்கமும் வழி திறந்திருக்கிறது: 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் இத்தகைய ஆவணங்களை ஏற்கிறது. 2005ஆம் ஆண்டின் ஐ.நா. இலத்திரனியல் தொடர்பாடல் உடன்படிக்கையையும் இலங்கை 2015இல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் கொழும்பில் நம்புகிற சான்றிதழை இன்னொரு நாட்டுச் சுங்கம் தானாக நம்பிவிடாது. ஒவ்வொரு நாடும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியாக இணைப்பும் ஏற்பாடும் செய்யப் போனால் 100 நாடுகளுக்கு 4950 இணைப்புகள் வேண்டும். சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்றிதழ் விஷயத்தில் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் செயலகம் இதற்கு நல்ல வழி கண்டது. நடுவில் ஒரு மையம் வைத்து, எல்லா நாடுகளும் அதோடு மட்டும் இணைந்தால் போதும் என்றாக்கினார்கள். மையம் உறையைப் பிரிப்பதில்லை, முகவரியைப் பார்த்து அனுப்புவது மட்டுமே அதன் வேலை.

இந்தச் சான்றிதழ்களின் கனம் மலையகத்துக்குத் தெரிந்ததுதான். ஒரு சரக்கில் கப்ரா வண்டு காணப்பட்டதாகச் சொல்லி 2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தற்காலிகமாக நிறுத்தியது. மாத முடிவில் தடை நீங்கினாலும், அந்த நாட்களின் பதற்றம் தோட்டம் வரை வந்தது. கையொப்பம் வண்டைக் கொல்லாது. எந்தச் சரக்கு, யார் எப்போது பரிசோதித்தார்கள் என்பதை மாற்ற முடியாத பதிவாக வைத்திருக்கும், சந்தேகத்தை அந்தச் சரக்கோடு நிறுத்த உதவும். அதேபோல் 2200 என்பதே பொய்யாகத் தட்டப்பட்டிருந்தால் கையொப்பம் அந்தப் பொய்யையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தப் பொய்யைச் சொன்னது யார் என்பதும் கூடவே போய்ச் சேரும்.

கணிதம் உடையாத இடத்தில் பழக்கம் உடைகிறது. இரகசியச் சாவி பெரும்பாலும் கணினியில் செருகும் யூஎஸ்பி டோக்கன் என்ற சிறு கருவிக்குள் இருக்கும், திறக்க ‘பின்’ (PIN) என்ற இரகசிய இலக்கம் உண்டு. முதலாளிக்கு நேரமில்லை என்று டோக்கனையும் ‘பின்’ இலக்கத்தையும் கிளார்க்கின் மேசையில் விட்டுவிட்டால், அங்கே உட்காருகிற எவரும் அவர் பெயரில் கையொப்பமிடலாம். நுவரெலியாவிலோ ஹட்டனிலோ சிறு அளவில் ஏற்றுமதி தொடங்குகிற இளைஞர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். கொழும்புக்கு இறங்கி இறப்பர் முத்திரைக்காக வரிசையில் நிற்கும் நாளை இந்தத் தொழில்நுட்பம் மிச்சப்படுத்தித் தரும். பதிலுக்குச் சாவியைத் தன் கையில் வைத்திருப்பதை மட்டும் கேட்கிறது.

எனக்கு இதில் இன்னும் பெரிய ஆசை ஒன்று உண்டு. மலையில் கொழுந்து நிறுவையில் ஒரு எடை, ஃபெக்டரியில் ஒரு எடை, தண்ணீருக்கு, சாக்குக்கு என்று கழிவு. இந்தத் தகராறு தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. இப்போது பல தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. அந்தத் தராசே எடையையும் நேரத்தையும் கையொப்பமிட்டு, கொழுந்தெடுத்தவரின் கைபேசிக்கு அனுப்புவதில் தொழில்நுட்பத் தடை எதுவுமில்லை. ஹம்பர்க் வியாபாரியின் 2200 கிலோவுக்குக் கிடைக்கிற ஆதாரம், பெண்கள் தலையில் சுமந்து வருகிற 18 கிலோவுக்கும் கிடைக்க வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம்.