குழாயக் கழத்தினாலும் தண்ணி ஏன் வெளிய வரல: கம்ப்யூட்டர் வாட்டர் கூலிங்ல குயிக் டிஸ்கனெக்ட்

கேஸ் சிலிண்டர் கொண்டு வாற அண்ணாச்சி மூடியக் கழத்தினதும் வால்வுல ரெண்டு சொட்டு தண்ணி விட்டு குமிழி வருதான்னு பாப்பாவ, எல்லாரு வீட்டுலயும் பாத்திருப்பீங்க. உள்ள 14.2 கிலோ கேஸ் அழுத்தத்தோட நிக்குது, மேல ரெகுலேட்டர் கிடையாது, மூடியும் எடுத்தாச்சு, ஆனாலும் வெளிய வரல. ஏன்னா வாசலுக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு, அது ஒரு சின்ன அடைப்ப மேல தள்ளி வச்சே இருக்கு. ரெகுலேட்டர க்ளிக்னு சொருகி திருகினாத்தான் அந்த அடைப்பு கீழ போயி வழி விடும், எடுத்துட்டா தானா மூடிக்கிடும்.

கம்ப்யூட்டர்ல சூடாகுத பாகத்த டியூப்ல தண்ணி ஓட்டி ஆத்துததுதான் வாட்டர் கூலிங், அதுல டியூப க்ளிக்னு மாட்டவும் கழத்தவும் போடுத இணைப்பு குயிக் டிஸ்கனெக்ட், சுருக்கமா கியூடி, இதே குடும்பந்தான். ஆனா இது சிலிண்டர விட ஒரு படி மேல, அந்த ஒரு படியச் சொல்லத்தான் இம்புட்டும் எழுதுதேன்.

மொதல்ல எனக்கு ஏன் தேவைப்பட்டுச்சுன்னு சொல்லிருதேன். பாளையங்கோட்டையில கல்யாண வீடியோ எடிட் பண்ணுதது என் தொழில், மிஷின்ல ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு, அது மட்டுமே 320 வாட் சூடு தள்ளும், ப்ராசஸரும் சேந்தா 450 வாட்டுக்கு வந்துரும். சித்திரை வைகாசியில இங்க ரூமே 35 டிகிரி நிக்கும், அதுலயும் வாட்டர் கூலிங் ஒண்ணும் ஏசி கிடையாது, ரூம் காத்த விட தண்ணி குளிராது, சூட்ட வேகமா அள்ளிட்டுப் போயி ரேடியேட்டர்ல கொட்டும் அவ்வளவுதான். அந்த அள்ளுத வேலையில தண்ணிய அடிச்சுக்க ஆள் இல்ல, நிமிசத்துக்கு ஒரு லிட்டர் ஓடினாலே 70 வாட் சூட்ட வாங்கிட்டு ஒரே ஒரு டிகிரிதான் ஏறும்.

பிரச்சனை எங்கன்னா கழத்தும்போது. ரெண்டு வருசம் முன்ன ஆவணி முகூர்த்தம் நெருக்கத்துல கார்ட மாத்த வேண்டி வந்துச்சு, அப்ப கியூடி எதுவும் இல்ல. லூப், அதாவது தண்ணி சுத்தி வாற வழி முழுக்க வடிக்கணும், வடிச்ச பொறவும் கார்டு மேல உக்காந்து சூட்ட வாங்குத பிளாக்குக்குள்ள கொஞ்சம் தண்ணி தங்கி நிக்கும், அது எப்ப சரியும்னு தெரியாது, எனக்கு டியூப உருவுன நேரம் பாத்து சரிஞ்சு பவர் சப்ளை மேலயே விழுந்துட்டு. உடனே கரண்ட் போடாம ரெண்டு நாள் ஃபேன் காத்துல காய வச்சுத்தான் போட்டேன், மிஷின் பொழைச்சுது, ஆனா ஒரு வீட்டுக்கு சொன்ன தேதியில வீடியோ குடுக்க முடியல, அந்தப் பொண்ணு வெளிநாடு கிளம்பிட்டா. அது இன்னும் மனசுல கிடக்கு.

சரி, உள்ள என்ன இருக்குன்னு பாப்போம். கியூடின்னா ரெண்டு பாதி, ஒண்ணு பிளக், ஒண்ணு சாக்கெட். ரெண்டுக்குள்ளயும் தனித்தனியா ஒரு ஸ்பிரிங், ஒரு வால்வு. சிலிண்டர்ல வால்வு ஒரு பக்கந்தான் தானா மூடும், பஞ்சர் கடை கம்ப்ரஸர் ஹோஸ்லயும் பெரும்பாலும் அப்படித்தான், காத்து வாற பக்கம் மூடிக்கிடும், துப்பாக்கி மாட்டுத பக்கம் வெறும் ஓட்டை. காத்துக்கு அது போதும், மிச்சம் புஸ்ஸுனு போயிரும். தண்ணி லூப்ல அந்தப் பக்கமும் தண்ணிதான் நிக்குது, இந்தப் பக்கமும் தண்ணிதான், அதனால ரெண்டு வாசலும் மூடணும், ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளித்தான் தெறக்கணும். தனியா இருக்கும்போது ரெண்டுல எதுவும் தெறக்காது.

இதுல உயிர்நாடி என்னன்னா வரிசை. சொருகும்போது மொதல்ல பிளக்கோட ஓரம் சாக்கெட்டுக்குள்ள இருக்கிற ஓ-ரிங்ல, அதாவது ரப்பர் வளையத்துல, போயி இறுக்கமா உக்காரும், அப்பவே வெளிய போற வழி அடைஞ்சாச்சு. அதுக்குப் பொறவுதான் ரெண்டு வால்வும் முகத்தோட முகம் முட்டி, ரெண்டு ஸ்பிரிங்கும் அமுங்கி, நடுவுல வழி தெறக்கும். கடைசியா சாக்கெட்ல இருக்கிற சின்னச் சின்ன இரும்பு குண்டு பிளக்ல இருக்கிற பள்ளத்துல விழுந்து, மேல உள்ள வளையம் முன்னால வந்து அத விழுந்த எடத்துலயே பிடிச்சுக்கிடும், அதுதான் அந்த க்ளிக். கழத்தும்போது அப்படியே தலைகீழ், வால்வு ரெண்டும் மூடின பொறவுதான் ஓ-ரிங் பிடிய விடும். கைப்பிள்ளைய ஒருத்தி கையில இருந்து இன்னொருத்தி வாங்குத மாதிரி, வாங்குதவ கெட்டியாப் பிடிச்ச பொறவுதான் குடுக்குதவ கைய எடுப்பா.

இங்க ஒரு கேள்வி வரணும். ரெண்டு பக்கமும் வால்வு இருந்தும் டிராக்டர் டிரெய்லரக் கழத்தும்போது ஹைட்ராலிக் ஹோஸ்ல இருந்து எண்ணெய் சொட்டுதே? அம்பாசமுத்திரம் பக்கம் அறுவடை நேரத்துல நின்னு பாத்தாத் தெரியும், அந்த கப்ளிங் எப்பவும் எண்ணெய் பிசுக்கும் மண்ணுமாத்தான் இருக்கும். காரணம் வால்வோட மூஞ்சி. அந்த மாதிரி கப்ளிங்ல வால்வு நடுவுல கூம்பு மாதிரி துருத்திக்கிட்டு சுத்தி பள்ளமா இருக்கும், ரெண்டும் மூடும்போது அந்தப் பள்ளத்துல நின்ன எண்ணெய் எந்தப் பக்கமும் சேராம நடுவுல அகப்பட்டுக்கிடும், பிரிச்சதும் கீழ விழும். டிராக்டருக்கு அது ஒரு விசயமே இல்ல. மதர்போர்டுக்கு மேல அது நடக்கப்படாது, அதனால நமக்கு உள்ள கியூடியில ரெண்டு வால்வு மூஞ்சியும் தட்டையா, வாசலோட சமமா இருக்கும். தட்டையும் தட்டையும் ஒட்டும்போது நடுவுல எடமே கிடையாது, பிரிச்சா மூஞ்சியில ஈரப்பசைதான் இருக்கும், டிஷ்யூ பேப்பரால ஒத்தினா தீந்துது. வாங்கும்போது நீங்க பாக்க வேண்டியது இதுதான், விலை கம்மின்னு கூம்பு மூஞ்சி உள்ளத வாங்கினா ஒவ்வொரு தடவையும் சொட்டும், மாட்டும்போது அந்தப் பள்ளத்துல நின்ன காத்தும் லூப்புக்குள்ள போயிரும். கூலன்ஸ், அல்ஃபாகூல் மாதிரி கம்பெனிக கம்ப்யூட்டருக்குன்னே சொட்டாத கியூடி பண்ணுதாவ.

இதுக்கு நாம குடுக்குத விலை ஓட்டம். வால்வும் ஸ்பிரிங்கும் தண்ணி வழியிலயேதான் நிக்குது, தண்ணி அதச் சுத்தி வளைஞ்சு போகணும். மடையில பலகைய முழுசாத் தூக்காம அரைகுறையாத் தூக்கி விட்ட மாதிரின்னு வச்சுக்கோங்க. வாட்டர் கூலிங்ல பேர் போன டி5 பம்ப் தண்ணிய மேல தள்ளுத பலம் ஏறத்தாழ 4 மீட்டர், அதாவது மாடியில வச்ச சின்டெக்ஸ் டேங்க்ல இருந்து கீழ் வீட்டு பைப்புக்கு வாற அழுத்தந்தான், அதனால வழியில நிக்குத ஒவ்வொரு தடையும் கணக்குதான். ஆனா இதுல நெறையப் பேரு பயப்படுத அளவுக்கு ஒண்ணும் இல்ல. கியூடி இல்லாம நிமிசத்துக்கு 3 லிட்டர் ஓடுதுன்னு வைங்க, 450 வாட்டுக்கு தண்ணி ஒரு சுத்து வந்தா 2 டிகிரிக்கு கொஞ்சம் மேல ஏறும். ரெண்டு ஜோடி கியூடி போட்டு ஓட்டம் 2.5 லிட்டரா கொறைஞ்சாலும் ஏத்தம் 2.6 டிகிரிதான், அரை டிகிரிக்குள்ள வித்தியாசம். பிளாக்குக்குள்ள ஓட்டம் மெதுவானா அங்கயும் கொஞ்சம் கூடும், ஆனா ஓட்டம் ஒரேயடியா ஒரு லிட்டருக்குக் கீழ விழாத வரைக்கும் அதுவும் சின்னக் கணக்குதான். அதுக்காக ஆசைப்பட்டு லூப்ல எட்டு எடத்துல போடாதீங்க, ஒவ்வொண்ணும் தடைதான்.

எங்க போடணும்னா நீங்க எங்க அடிக்கடி கழத்துவீங்களோ அங்க. நான் கார்டுக்குப் போற டியூப்ல ஒண்ணு, வாற டியூப்ல ஒண்ணு போட்டேன், அதே மாதிரி ரேடியேட்டருக்கும் ரெண்டு. ரேடியேட்டருக்கு ஏன்னா ஆனி ஆடியில அடிக்குத காத்து, பணகுடிப் பக்கம் காத்தாலைய சுத்த வைக்குத அதே காத்துதான் இங்க புழுதியா வீட்டுக்குள்ள வருது, ஒரு மாசத்துல ரேடியேட்டர் தகடு நடுவுல கம்பளி மாதிரி அடைச்சுக்கிடும். இப்ப ரெண்டு கியூடியக் கழத்தினாப் போதும், ரேடியேட்டரத் தனியா தூக்கிட்டு முற்றத்துக்குப் போயி காத்தடிச்சு சுத்தம் பண்ணிட்டு திரும்ப மாட்டிருதேன், உள்ள இருக்கிற தண்ணி உள்ளயே இருக்கு. கியூடி இருந்தா ரேடியேட்டர ஜன்னலுக்கு வெளிய திண்ணையில கூட வைக்கலாம், எடிட்டிங் ரூம்ல அந்தச் சூடு வராது. தண்ணி முழுசா நிறைஞ்ச மூடின லூப்ல ஏறுத உயரமும் எறங்குத உயரமும் ஒண்ணையொண்ணு சரி பண்ணிக்கிடும், பம்ப் டியூப் உராய்வுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்.

ஃபிட்டிங் மாட்டுதது பத்தி ஒண்ணு. கம்ப்யூட்டர்ல எல்லாமே ஜி 1/4 மரை, அது நேரா போற மரை, நம்ம வீட்டுக் குழாய்க்குப் பழகின கை உடனே டெஃப்ளான் டேப்பத் தேடும், எனக்கும் தெரிஞ்ச பிளம்பர் அண்ணாச்சி "டேப் சுத்தாம எப்படிவே நிக்கும்"னு கேட்டாவ. இங்க மரை பிடிச்சு நிக்கத்தான், தண்ணிய நிப்பாட்டுதது அடியில இருக்கிற ஓ-ரிங். டேப் சுத்தினா ஃபிட்டிங் முழுசா உக்காராது, ஓ-ரிங் அமுங்காது, அதனாலயே ஒழுகும். கையால இறுக்கினா போதும், ஸ்பானர் போட்டா ஓ-ரிங் நசுங்கிரும். அந்த ஓ-ரிங் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், தண்ணிக்கும் கூலண்ட்ல கலக்குத கிளைக்கால் திரவத்துக்கும் ரொம்ப நல்லது, பெட்ரோலியச் சரக்குக்கு ஆகவே ஆகாது, வாசலினோ மெஷின் ஆயிலோ தடவினா உப்பிப் போயிரும். சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் போடலாம்.

தண்ணி விசயத்துலயும் விட்டுக்குடுக்க முடியாது. தாமிரபரணித் தண்ணி எங்களுக்கு அமிர்தம், ஆனா லூப்புக்குள்ள அதுவும் வேண்டாம், போர் தண்ணி சுத்தமா வேண்டாம். அதுல கரைஞ்ச உப்பு வால்வு உக்காருத எடத்துல படிஞ்சுட்டா மூஞ்சி முழுசா மூடாது, அன்னைக்கு சொட்டாத கியூடியும் சொட்டும். டிஸ்டில்டு வாட்டர், அதுல அரிப்பையும் பாசியையும் தடுக்குத கூலண்ட், அவ்வளவு போதும்.

இது வீட்டு மிஷினுக்கு மட்டும் உள்ள சங்கதியும் இல்ல. என்விடியாவோட ஜிபி200 என்விஎல்72ங்கிற ஏஐ கம்ப்யூட்டர் ரேக் (அலமாரி) ஒண்ணு மட்டும் 120 கிலோவாட் கிட்ட சூடு கக்குது, உள்ள 18 கம்ப்யூட் டிரே, 9 ஸ்விட்ச் டிரே, ஒவ்வொரு டிரேயையும் உள்ள தள்ளும்போதே பின்னால கியூடி தானா போயி சொருகிக்கிடும், ஒரு டிரே கெட்டா அத மட்டும் உருவலாம், மத்தது ஓடிக்கிட்டே இருக்கும். எந்தக் கம்பெனி பாதியும் இன்னொரு கம்பெனி பாதியோட சேரணும்னு, டேட்டா சென்டர் கருவிகளுக்கு பொது வடிவம் வகுக்குத ஓபன் கம்ப்யூட் ப்ராஜெக்ட் இதுக்குன்னு ஒரு பொது அளவே வச்சிருக்கு. நாம வாங்குத கியூடியில பெரும்பாலும் அந்த வசதி கிடையாது, ஒரே கம்பெனி, ஒரே சைஸ் ஜோடியாத்தான் வாங்கணும்.

மாட்டும்போது பம்ப நிப்பாட்டுங்க, ரெண்டு மூஞ்சியையும் துடைங்க, ஏன்னா ஒரு மணல் துகள் போதும் தட்டை மூஞ்சிக்கு நடுவுல நிக்க. கோணாம நேரா தள்ளுங்க, க்ளிக் கேட்ட பொறவு ஒருக்கா இழுத்துப் பாருங்க. பாதி சொருகினா வால்வும் பாதிதான் தெறக்கும், வெளிய ஒரு சொட்டு வராது, எல்லாம் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும், உள்ள ஓட்டம் ரொம்ப கொறைஞ்சு ப்ராசஸர் மட்டும் கொதிக்கும். கழத்தி வச்ச ரேடியேட்டர வெயில்ல போடாதீங்க, ரெண்டு பக்கமும் மூடினதுக்குள்ள தண்ணி சூடாகி விரிஞ்சா போக வழி இல்ல, அழுத்தம் ஏறி திரும்ப மாட்ட முடியாம கல்லு மாதிரி நிக்கும். எனக்கு போன ஆடியில அப்படி ஆச்சு, நிழல்ல கொண்டு வச்சு அரை மணி நேரம் ஆற விட்டேன், பொறவு ஒரே தள்ளுல உக்காந்துட்டு.